சேலம் – தூத்துக்குடி: வான்வழித் தொலைவு 340 கிலோமீட்டர், பயண நேரம் மட்டும் ஏன் ஐந்து மணி நேரம்?

தாம்பரம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் பற்றிச் சில ஐயங்கள் உள்ளன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தீபாவளியும் கந்த சஷ்டியும் முடிந்த பின் வரும் ஐப்பசி முகூர்த்தம் ஒன்றில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் திருமணம் நடக்கவிருக்கிறது. நாங்கள் சென்னை தாம்பரத்தில் வசிக்கிறோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஓமலூரில் இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருப்பதால், காரில் நெடுநேரம் காலை மடக்கியபடி உட்கார்ந்து வந்தால் இறங்கியவுடன் அவரால் நிற்க முடிவதில்லை. சேலம் விமான நிலையம் ஓமலூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அங்கிருந்து தூத்துக்குடிக்கு விமானத்திலேயே அழைத்துச் சென்றுவிடலாம் என்று எண்ணித் தேடத் தொடங்கினேன்.

தொலைவு காட்டும் தளம் ஒன்று, சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு 340 கிலோமீட்டர் என்றும் பறக்கும் நேரம் 55 நிமிடம் என்றும் சொல்கிறது. வேறொரு தளத்தில் அதே தொலைவு 338 கிலோமீட்டர். ஆனால் பயணச்சீட்டு பதிவு செய்யும் தளத்தில் அதே இரண்டு ஊர்களைக் கொடுத்தால், சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏறுகிற பயணமாக நாளுக்கு நாள் ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம் என்று மாறி மாறி வருகிறது. முதல் தளம் சொல்லும் 55 நிமிட விமானம் உண்மையில் எங்கே இருக்கிறது? இரண்டு தளங்களுக்கு இடையே இரண்டு கிலோமீட்டர் வேறுபாடு எப்படி வருகிறது? முதியவர் ஒருவரை அழைத்துச் செல்லும்போது இவற்றில் எந்த எண்ணை நம்பித் திட்டமிடுவது?

---

வான்வழிக் கணக்கு எழுதியது:

ஐயா, தாங்கள் பார்த்த எண்கள் எதுவும் தவறல்ல; ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை.

முதலில் 55 நிமிட விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு விமானம் இல்லை. தொலைவு காட்டும் தளங்களில் பல, இரண்டு நிலையங்களுக்கு இடையே சேவை இருக்கிறதா என்று பார்ப்பதேயில்லை. நேர்கோட்டுத் தொலைவை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிக் காட்டிவிடுகின்றன. 340 கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 25 நிமிடம் வரும்; அதனுடன் 30-ஐக் கூட்டுங்கள், தாங்கள் பார்த்த 55 கிடைத்துவிடும். இதே கணக்கில் அந்தத் தளம் ஓமலூருக்கும் தாம்பரத்துக்கும்கூடப் பறக்கும் நேரம் காட்டும்.

தொலைவைப் பொறுத்தவரை, இந்த இரண்டு ஊர்களும் கணக்குப் போடுவதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. சேலம் விமான நிலையம் ஏறத்தாழ 78 டிகிரி 4 நிமிடத் தீர்க்கரேகையில் இருக்கிறது. தூத்துக்குடி நிலையம் 78 டிகிரி ஒன்றரை நிமிடத்தில் இருக்கிறது. அதாவது ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று. ஆகவே அட்சரேகை வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதும். சேலம் 11 டிகிரி 47 நிமிடம், தூத்துக்குடி 8 டிகிரி 43.5 நிமிடம். வேறுபாடு 183.5 கோண நிமிடம். அட்சரேகையில் ஒரு கோண நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 340 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

அந்த 338 எங்கிருந்து வந்தது என்றால், பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் நமது பக்கத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் 111.2 கிலோமீட்டருக்குப் பதிலாக 110.6 கிலோமீட்டர்தான். உருண்டையென்று கொண்டு கணக்கிடும் தளம் 340 என்கிறது; உண்மை வடிவத்தைக் கொண்டு கணக்கிடும் தளம் 338 என்கிறது. பயணிக்கு இந்த வேறுபாடு அரை நிமிடம்கூட இல்லை என்பதால் இதை இத்துடன் விட்டுவிடலாம்.

இனி தாங்கள் உண்மையில் பயணிக்கப்போகும் வழியைப் பார்ப்போம். சேலத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 266 கிலோமீட்டர். அங்கிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 530 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 796 கிலோமீட்டர். தெற்கே போக வேண்டியவர் முதலில் வடகிழக்கே போய், பிறகு தென்மேற்கே திரும்பி, நேர்வழியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான தொலைவைப் பறக்கிறார். அப்படியும் காற்றில் இருக்கும் நேரம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் தரையில்தான் கழிகிறது.

விமானத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. சேலம் ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,800 மீட்டர். இந்த நீளத்தில் அங்கே வந்துபோவது இரட்டை விசிறி கொண்ட ஏடிஆர் 72 வகை விமானம். 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் சேலத்தில் மீண்டும் சேவையைத் தொடங்கியதும் இந்த வகை விமானங்களைக் கொண்டுதான். இதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். பெரிய ஏர்பஸ் விமானங்கள் 800-க்கும் மேல் போகும். இருந்தாலும் 266 கிலோமீட்டர் பயணத்தில் இந்த வேக வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது, ஏனெனில் மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்குமே பாதி நேரத்துக்கு மேல் போய்விடும். முழு வேகத்தில் நேராகப் பறப்பது சிறிது நேரமே. குறுகிய தடங்களில் ஏடிஆர் மிகக் குறைவான எரிபொருளில் பறப்பதால், நிறுவனங்கள் அதையே விரும்புகின்றன.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம், சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அன்று. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு வைத்த தடைக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், மறுமுனையில் நின்று கட்டை வைக்கப்படும் வரை உள்ள நேரம் அது. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, வழக்கமான தாமதத்துக்கென்று நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சில நிமிடங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதனால்தான் சேலம் – சென்னை அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரமும், சென்னை – தூத்துக்குடி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் காட்டப்படுகின்றன. நாளை யாராவது சேலம் – தூத்துக்குடி நேரடிச் சேவை தொடங்கினாலும், அட்டவணையில் 55 நிமிடம் இருக்காது. ஒரு மணி நேரமாவது இருக்கும்.

---

மாங்கனி மாவட்டம் எழுதியது:

மேலே நண்பர் எழுதியது முழுவதும் சரி. சேலத்துக்காரன் என்ற முறையில் தரைவழியையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒப்பிடாமல் முடிவெடுக்க முடியாது.

ஓமலூரிலிருந்து காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த வகையில் தங்கள் பெரியப்பா கொடுத்து வைத்தவர். சேலம் நகரத்தில் இருப்பவர்களே இருபது கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் ஓமலூரிலிருந்து காரில் கிளம்பினால் சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். முழுவதும் நான்குவழிச் சாலை. இடையில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு போனாலும் ஏழு அல்லது எட்டு மணி நேரத்தில் மண்டபத்து வாசலில் இறங்கிவிடலாம். விமானத்தில் போனால் வீட்டிலிருந்து மண்டபம் வரை எவ்வளவு ஆகும்? சேலம் நிலையத்துக்கு முன்கூட்டிப் போக வேண்டிய ஒன்றரை மணி நேரம், சென்னையில் காத்திருப்பு, தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்தில் இறங்கி ஊருக்குள் போக அரை மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நல்ல நாளிலேயே ஏழு மணி நேரத்தை நெருங்கும்.

ரயிலும் உண்டு. மைசூருவிலிருந்து தூத்துக்குடி செல்லும் எக்ஸ்பிரஸ் பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத்தான் போகிறது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்பது மூட்டுவலிக்காரருக்குப் பெரிய வசதி. ஆனால் அது சேலத்துக்கு நள்ளிரவுக்கு மேல் வரும் வண்டி. அந்த நேரத்தில் எழுபது வயதுக்காரரை நடைமேடையில் உட்கார வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

நேரடி விமானம் ஏன் இல்லை என்று தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எங்கள் ஊரில் அடிக்கடி எழும் கேள்வி என்பதால் சொல்கிறேன். சிறு நகரங்களுக்கும் விமானச் சேவை கிடைக்க மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டம் தொடங்கியபோது, சுமார் 500 கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட அளவு இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, இழப்பை அரசு ஈடுசெய்யும் என்றார்கள். அந்த உதவியோடு 2018-ல் சேலம் – சென்னைச் சேவை வந்தது, பிறகு நின்றது, 2023-ல் மறுபடி வந்தது. சென்னைக்கே இந்த நிலை என்றால், தினமும் எழுபது பேர் தூத்துக்குடிக்குப் பறப்பார்கள் என்று எந்த நிறுவனம் நம்பும்? சேலத்து வியாபாரிகளின் போக்குவரத்து பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, கொச்சி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சரக்கோ லாரியில் போய்விடுகிறது.

---

தாம்பரம்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேரக் கணக்கில் காரும் விமானமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இப்போது விளங்குகிறது. இருந்தாலும் பெரியப்பா விமானத்தையே விரும்புகிறார். இரண்டு துண்டாகப் பிரிந்த பயணத்தில் இடையே எழுந்து நடக்கலாம் என்பது ஒரு காரணம், இதுவரை விமானம் ஏறியதில்லை என்பது வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம். சென்னையில் இறங்கும்போது நாங்களும் அங்கேயே சேர்ந்துகொண்டு ஒன்றாகத் தூத்துக்குடிக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். சென்னையில் இரண்டு விமானங்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஐப்பசி மழையில் இந்தக் கணக்கு எந்த அளவுக்கு மாறும்?

---

மீனம்பாக்கம் பக்கம் எழுதியது:

பல ஆண்டுகளாகச் சென்னை விமான நிலையத்தின் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

தாங்கள் இப்போது பார்க்கும் அட்டவணையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தொடங்கும். தங்கள் திருமணம் கந்த சஷ்டிக்குப் பிறகு என்பதால், அன்று நடப்பில் இருக்கப்போவது குளிர்கால அட்டவணை. சேலம் போல ஓரிரு சேவை மட்டுமே உள்ள ஊர்களில், புறப்படும் நேரம் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாறினால்கூடச் சென்னையில் பிடிக்க வேண்டிய இணைப்பு விமானமே வேறாகிவிடும். புதிய அட்டவணை உறுதியான பிறகு பதிவு செய்யுங்கள். முன்னமே பதிவு செய்திருந்தால், நேரம் மாறியதாகச் செய்தி வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையின் முதன்மை ஓடுதளம் மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்கும், எதிர்த்தே ஏறும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து அடையாறு, கிண்டிக்கு மேலாகத் தாழ்ந்து வந்து இறங்கும். சேலத்திலிருந்து வரும் விமானம் அப்போது ஊரைத் தாண்டிக் கடல் வரை போய், வளைந்து திரும்பி வர வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று நிலைத்த பிறகு திசை மாறிவிடும். அனகாபுத்தூர் பக்கமிருந்து இறங்குவார்கள். சேலம் விமானம் மேற்கிலிருந்தே வருவதால் அதற்கு இது ஏறக்குறைய நேர்வழி. ஆகவே மழை இல்லாத ஐப்பசி நாளில் தங்கள் பெரியப்பா சில நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடவும் கூடும். அதே சமயம், தூத்துக்குடி விமானம் கடலை நோக்கி ஏறிப் பிறகு தெற்கே திரும்பும். பகலில் சென்றால் பெரியம்மாவுக்குக் கடற்கரையைக் காட்டலாம். ஏடிஆரின் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை அது மறைக்காது.

எதிர்க்காற்றினால் எவ்வளவு தாமதம் என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 530 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 64 நிமிடம். 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் 69 நிமிடம். ஐந்து நிமிடம்தான் வேறுபாடு. ஆகவே காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது மழைமேகத்தைப் பற்றித்தான். நிலையத்துக்கு மேல் இடிமேகம் நின்றால் வரும் விமானங்களை வானிலேயே வட்டமிட வைப்பார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பெங்களூருக்கோ திருச்சிக்கோ திருப்பிவிடுவார்கள். அல்லது சேலத்தை விட்டுக் கிளம்பவே அனுமதி தாமதமாகும். புயல் வந்தால் நிலையத்தையே மூட வேண்டிவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னையில் விமானங்கள் நிறுத்தப்பட்டதைத் தாம்பரத்தில் இருக்கும் தாங்களே பார்த்திருப்பீர்கள்.

இணைப்புக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதற்கு என் கருத்து: ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானங்களும் இருந்தால் இரண்டு மணி நேரம் போதும், மூன்று என்றால் நிம்மதி. ஒரு மணி நேர இணைப்பையும் சில தளங்கள் காட்டும். இளைஞர்களுக்கு அது சரி. ஏடிஆர் விமானங்கள் பெரும்பாலும் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தொலைவில் நிற்கும். பேருந்தில் ஏற்றி, இறக்கி, மறுபடியும் வேறு வாயிலில் பேருந்தில் ஏற்றுவார்கள். சக்கர நாற்காலி கேட்டவர்களை இறக்குவது கடைசியில்தான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சக்கர நாற்காலியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்தால் சேலத்திலும் தூத்துக்குடியிலும் ஆள் தயாராக இருப்பார்.

தாங்கள் தாம்பரத்திலிருந்து வருவதற்கு மின்சார ரயிலே நல்லது. திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். மழை நாளில் ஜி.எஸ்.டி. சாலையை நம்பி வாடகைக் காரில் கிளம்ப வேண்டாம்.

---

பல்லாவரம் பயணி எழுதியது:

மேலே சொன்னதில் "ஒரே பயணச்சீட்டில்" என்ற சொல்லைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கினால் சில நூறு ரூபாய் குறைகிறது என்று நான் இரண்டு சீட்டுகளாக வாங்கினேன். முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமாகச் சென்னைக்கு வந்தது. பெட்டிக்காகச் சுழலும் பட்டையின் முன்னால் நின்று, எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டுப் பக்கம் நுழைந்தபோது கவுன்டர் மூடியிருந்தது. உள்நாட்டு விமானங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள்தான், இருந்தும் "உங்கள் இரண்டாவது சீட்டுக்கும் முதல் சீட்டுக்கும் தொடர்பில்லை" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளைய சீட்டை முழு விலைக்கு வாங்கினேன். ஒரே பதிவு எண்ணில் இருந்திருந்தால் பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்கு மாறியிருக்கும், இணைப்பு தவறினாலும் அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள்.

---

முத்துநகர் எழுதியது:

அண்ணாச்சி, எங்கள் ஊருக்கு வருகிற விருந்தாளிகளுக்கு நானும் கொஞ்சம் வழி சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. ஊருக்குள் வருவதற்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியும் முக்கால் மணி நேரத்துக்குள்தான். பழைய நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் இப்போது வந்தால் ஊர் மாறிவிட்டதோ என்று நினைப்பார்கள். 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. முன்பு 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஏர்பஸ் வகை விமானங்களும் வந்து இறங்குகிற அளவுக்கு இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட விமானம் சென்னையிலிருந்து வந்தால் பயண நேரம் ஒரு கால் மணி நேரம் குறையும். பதிவு செய்யும்போது எந்த வகை விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் மழையினால் இணைப்பு தவறினால், அன்றைக்குத் தூத்துக்குடிக்கு அடுத்த விமானம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காமல், மதுரைக்கு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்னை – மதுரை விமானங்கள் அதிகம். மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, எங்கள் பக்கமாகவே இருப்பதால், அங்கிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக 130, 140 கிலோமீட்டர். இரண்டு அல்லது இரண்டேகால் மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம். கல்யாண வீட்டுக் கார் ஒன்றை மதுரைக்கு அனுப்பி வைப்பது எங்கள் ஊரில் புதிதல்ல.

முகூர்த்தம் காலையில் என்றால் அன்றைக்கே வந்து சேரும் திட்டம் வேண்டவே வேண்டாம். முந்தின நாள் இரவுகூட அல்ல, அதற்கும் முந்தின நாளே வந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த அளவு மழை அபூர்வம்தான்; ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்றால் நாங்களே ஒரு நாள் இடைவெளி விட்டுத்தான் திட்டம் போடுவோம். சஷ்டி முடிந்தாலும் திருச்செந்தூர்க் கூட்டம் சில நாள் இருக்கும் என்பதால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்போது இறங்கியிருக்காது.

---

தாம்பரம்வாசி எழுதியது:

மிகப் பயனுள்ள விவரங்கள். இரண்டு நாள் முன்னதாக, ஒரே பதிவு எண்ணில், குறைந்தது இரண்டரை மணி நேர இணைப்போடு பதிவு செய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஏடிஆர் விமானத்தில் மூட்டுவலி உள்ளவருக்கு எந்த இருக்கை வசதி? முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுப்பதில் பயன் உண்டா?

---

வான்வழிக் கணக்கு எழுதியது:

பெரிய விமானத்தில் முன்வரிசைக்குப் பணம் கொடுப்பது பொருளுள்ளது. ஏடிஆரில் ஏறி இறங்கும் வசதிக்காகக் கொடுக்க வேண்டாம். அந்த விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு வால் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கக் கதவு சரக்குக்கானது. முன்வரிசை வாங்கினால் பெரியப்பா குறுகிய நடைவழியில் விமானத்தின் நீளம் முழுவதும் நடக்க வேண்டிவரும். கடைசியிலிருந்து மூன்று நான்கு வரிசைகளுக்குள் நடைவழியோர இருக்கையாகப் பாருங்கள். வலிக்கிற கால் நடைவழிப் பக்கம் வருமாறு இடப்புறமோ வலப்புறமோ தேர்ந்தெடுத்தால், தள்ளுவண்டி வராத நேரத்தில் காலைச் சற்று நீட்டிக்கொள்ளலாம். ஏறும் படி கதவோடு சேர்ந்தது. பெரிய விமானத்தின் ஏணி போல உயரமாக இருக்காது, சில படிகள்தான், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு.

கைப்பெட்டியையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது. சக்கரம் வைத்த பெட்டி உள்ளே போகாததால் விமானத்தின் அருகிலேயே வாங்கிச் சீட்டுக் கட்டிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். மருந்து, கண்ணாடி, மருத்துவச் சீட்டு, திருமண நகை இருந்தால் அதுவும், தோளில் மாட்டும் சிறு பையில் தனியாக இருக்கட்டும். சேலத்தில் ஏறும்போதே பெட்டிச் சீட்டில் தூத்துக்குடி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பெரியம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னை என்று இருந்தால் கவுன்டரை விட்டு நகர வேண்டாம்.